இரைச்சலில் போன எழுத்து

ஜனவரி 13, செவ்வாய்

கேஸ் அடுப்பின் வலதுபக்கக் குமிழ் மறுபடியும் சீறுகிறது. மூடிய பிறகும் மெல்லிய சத்தம் நிற்பதில்லை. பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று காலையும் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "பாத்துக்கலாம் வடிவு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராக்கெட்டில் ஹீலியம் வாயுவின் அழுத்தம் குறைகிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பதுதான் இவருக்கு வேலை. சொந்த வீட்டு அடுப்புக்கு மட்டும் பாத்துக்கலாம். வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

நாளை மறுநாள் பொங்கல். அன்றைக்குத்தான் தருவைக்கரை ஏவுதளத்திலிருந்து மூன்று பேரை விண்வெளிக்கு அனுப்புகிறார்கள். அந்த நாளைக் குறித்தது இவர்கள் இல்லையாம். தேர்தல் வருவதால் பொங்கலன்றே பறந்தாக வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்தார்களாம். சொல்லிவிட்டு, "இத எங்கயும் பேசாத" என்றார். நான் எங்கே பேசினேன், எழுதத்தானே செய்கிறேன்.

மூன்று வீடு தள்ளியிருக்கிற பகவதி அக்கா பனங்கிழங்கு கொடுத்துவிட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் தாணுலிங்கம் சார்தான் ஏவுதல் இயக்குநர், இவருக்கு மேலதிகாரி. இரண்டு ஆண்களும் வீட்டுக்கு வராததால் நாங்கள் இருவரும் ஒன்றாகப் பொங்கலிடுவதாகப் பேசி முடித்துவிட்டோம்.

ஜனவரி 14, புதன்

இவர் அங்கேயே தங்கிவிட்டார். போனில், "சாப்டேன், தூங்குனேன்" என்றார். இரண்டும் பொய்.

ஜனவரி 15, வியாழன்

நாங்கள் கைதட்டினோம். அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

தெருவே மொட்டைமாடியில் நின்றது. கடல் பக்கம் வெளிச்சம் எழும்பி, பிறகு சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. மேலே போகப் போக வெள்ளைக் கோடு ஒன்று. திடீரென்று அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டு கழன்று விழுவது சகஜம் என்று டிவியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதுதான் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினோம். குலவை போட்டோம். கோடு இரண்டு, நான்காகி, சுருண்டு கீழ்நோக்கி வளைந்தது. அப்போதும் தட்டிக்கொண்டிருந்தோம்.

பகவதி அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "தட்டாண்டாம் மக்களே" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜனவரி 16, வெள்ளி

வந்தார். கால் கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்தார். சோறு போட்டேன், ஆறிப்போயிற்று. மூன்று பேரும் போய்விட்டார்கள். அதில் தேன்மொழி என்ற பெண் திண்டுக்கல் பக்கம். டிவியில் அவள் பள்ளிக்கூடச் சீருடைப் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். இவர் எழுந்து டிவியை அணைக்கவில்லை, பார்க்கவும் இல்லை. சென்னையில் படிக்கிற மகள் போன் செய்தாள். அவளிடமும் "சாப்டேன்" என்றார்.

ஜனவரி 19, திங்கள்

தபால் ஆபீஸ் போனேன். பக்கத்துக் கவுண்ட்டர் நஸீமா, "லீவு போட்டிருக்கலாமே அக்கா" என்றாள். எதற்கு லீவு, நான் என்ன செய்தேன்? ஹீலியம் அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று காலைச் செய்தியில் வந்துவிட்டது. ஹீலியம் யார் பொறுப்பு என்று ஊருக்கே தெரியும். என் கவுண்ட்டர் முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நஸீமாவின் வரிசைக்கு நகர்ந்தார்கள். இருபது வருடமாக என்னிடம் பென்ஷன் வாங்குகிற பரமசிவம் தாத்தா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு அவரும் நகர்ந்தார்.

ஜனவரி 22, வியாழன்

கட்டுப்பாட்டு அறையில் பேசிய ஒலிப்பதிவை யாரோ வெளியே விட்டுவிட்டார்கள். எல்லா சேனலிலும் அதுதான்.

அந்த லைனில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது விதி. அவசரத்தில் இருவரும் தமிழுக்கு வந்திருக்கிறார்கள். தாணுலிங்கம் சார் கேட்கிறார்: "ஆவுடையப்பன், அழுத்தம் இறங்குது போலிருக்கே. பறக்க விடலாமா?" இவர் பதில் சொல்கிறார். "பா" என்று தொடங்குகிறது. நடுவில் கரகரவென்று இரைச்சல். "கலாம் சார்" என்று முடிகிறது.

பாக்கலாமா, பாத்துக்கலாமா? தமிழ்நாடு முழுவதும் இதையே பேசுகிறது. ஒரு "த்து"தான் வித்தியாசம். பெண் கேட்டு வந்தவரிடம் "பாக்கலாம்" என்றால், வேறு இடம் பாருங்கள் என்று பொருள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது, அதனால் பாக்கலாம். "பாத்துக்கலாம்" என்றால் நடக்கட்டும், வருவதைச் சமாளிப்போம் என்று பொருள். ஒன்று நிறுத்தச் சொல்வது. இன்னொன்று மூன்று பேரை அனுப்பிவைப்பது. லைனில் இருந்த மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாதாம்.

நானும் கேட்டேன். பாக்கலாம் என்றுதான் சொல்கிறார். ஒருமுறைதான் கேட்டேன். இன்னொரு முறை போட்டபோது அடுப்பில் பால் இருந்தது, உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

டில்லி சேனல் ஒன்றில் இவர் பேச்சை இந்தியில் போட்டிருக்கிறார்கள். "தேக் லேங்கே." உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்று மிரட்டுவதற்கும் அதையே சொல்வார்களாம். பெரிய அதிகாரியைத் தமிழில் மிரட்டியவன், ரகசிய மொழியில் பேசியவன், யாருடைய கைக்கூலி இவன் என்று ஒருவர் மேசையைத் தட்டுகிறார். நாலு பேர் ஆமாம் என்கிறார்கள்.

சாயங்காலம் வாசல் விளக்கைக் கல்லால் உடைத்துவிட்டார்கள். கண்ணாடியைப் பெருக்கி அள்ளினேன். பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

ஜனவரி 24, சனி

இவருக்கு வருகிற தபால்களை நானே பிரிக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் போஸ்ட் கார்டு. ஒளித்து எழுத வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. என் வீட்டு முகவரிக்கு நானே முத்திரை குத்தினேன். போஸ்ட்மேன் மாடசாமி அண்ணாச்சி, "இதெல்லாம் நான் தொலச்சிருதேன் தாயி" என்றார். அது குற்றம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். ஒன்றில் மகள் படிக்கிற கல்லூரியின் பெயர் இருந்தது. அவளை அழைத்துச் சொன்னேன். "நான் இப்ப இனிஷியல் போடுறதில்லம்மா" என்றாள்.

ஜனவரி 26, திங்கள்

இன்று பொன்னாடை. மாநில ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளர் வேலாயுதம் ஆட்களோடும் கேமராவோடும் வந்தார். விண்வெளியிலும் தமிழ் முழங்கியவர் என்று இவர் தோளில் போர்த்தினார். மூன்று பேர் செத்ததற்குப் பொன்னாடை. இவர் கோயில் மாடு மாதிரி நின்றார்.

வேலாயுதம் என்னிடம், "கவலப்படாதீங்க தங்கச்சி. அண்ணாச்சி வேண்டாம்னுதான் சொல்லியிருக்காக. டில்லிக்காரன் கொடுத்த பதவி நீட்டிப்புக்கு ஆசப்பட்டு அந்த தாணுலிங்கம்தான் பறக்க விட்டுட்டாரு. நம்ம வக்கீல் வருவாரு" என்றார். காபி கொடுத்தேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பழிபோட டில்லிக்கு இவர் வேண்டும், இந்தக் கட்சிக்காரர்களுக்கு தாணுலிங்கம் சார் வேண்டும். யாராவது ஒருவர் வேண்டும்.

ஜனவரி 28, புதன்

காலையில் இவரைப் போலீஸ் ஜீப்பில் அழைத்துப் போனார்கள். இருட்டுவதற்குள் விட்டுவிட்டார்கள். அதுவரை நான் முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஆய்ந்து முடித்து, காம்பையும் ஆய்ந்தேன். சுற்றுச்சுவரில் கரியால் "கொலைகாரன்" என்று எழுதியிருந்தார்கள். அவர் வருமுன் தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தேன். முதல் எழுத்து போகவில்லை. பால்காரர் வரவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

பகவதி அக்கா பின்வாசல் வழியாக வந்தார், கையில் புட்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இத்தனை பேச்சு நடந்தும் புட்டு கொண்டுவருகிறார்.

"சார் என்ன சொல்லுதாரு அக்கா?"

"பாத்துக்கலாம்னுதான் காதுல விழுந்துதுன்னு சொல்லுகாரு. ஆனா அவருக்கே இப்ப சந்தேகம் வந்தாச்சு. ராத்திரியெல்லாம் அதையே முணுமுணுத்துட்டு கெடக்காரு." புட்டுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நீயும் கேட்டிருப்ப. ஒன் வீட்டுக்காரரு கொரலு ஒனக்குத் தெரியாதா வடிவு?" என்றார்.

"எனக்குப் பாக்கலாம்னுதான் கேட்டுது அக்கா."

"அப்படியா" என்றார். கோபப்படவில்லை. பாத்திரத்தைக் கழுவித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 2, திங்கள்

வேலாயுதம் அனுப்பிய வக்கீல் பிச்சையா வந்தார். ஒலியை ஆராய்ந்த நிபுணர்கள் எதுவென்று சொல்ல முடியாது என்று விபத்தை விசாரிக்கிற கமிஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். இவர் நினைவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இனி இவர் வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பதுதான் சாட்சியாம். "கூடவே வாழுறவங்க சொன்னா கமிஷன் கேக்கும்மா. இல்லன்னா அலட்சியத்தால மரணம்னு போட்டு உள்ள தள்ளிருவாங்க. வெளிய வர வருஷக்கணக்காகும்." வீட்டில் எதற்கும் பாக்கலாம் என்றுதான் சொல்வாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேட்டவுடன் வாயில் வந்தது.

பிப்ரவரி 4, புதன்

தோசைக்கு உளுந்து அரைக்கும்போது இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். இத்தனை நாள் கழித்து அவராகவே வந்தார். "வடிவு, அன்னிக்கி நான்..." என்று தொடங்கினார். நான் மிக்ஸியைப் போட்டேன். அரைத்து முடிந்த பிறகும் ஓடவிட்டேன். நிறுத்தியபோது அவர் அங்கே இல்லை.

மாவு சூடாகிப் புளிக்காமல் போயிற்று.

பிப்ரவரி 5, வியாழன்

திருநெல்வேலியில் கமிஷன். நீதிபதி வடக்கேயிருந்து வந்தவர். வயதானவர், சாந்தமாகப் பேசினார். மொழிபெயர்க்க ஒரு பெண். அவள் பாடுதான் திண்டாட்டம். பாக்கலாம் என்பதையும் பாத்துக்கலாம் என்பதையும் ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டும் ஒரே மாதிரி வருகிறதாம். நீதிபதி இரண்டு முறை நிறுத்தி, வித்தியாசம் என்ன என்று என்னைக் கேட்டார். பெண் கேட்டு வந்த கதையைச் சொன்னேன். அவரே சிரித்தார்.

பிறகு கேட்டார்: "பாத்துக்கலாம் என்று சொல்லும் பழக்கம் உங்கள் கணவருக்கு உண்டா?"

"கிடையாது."

"எப்போதாவது?"

"நான் கேட்டதில்லை."

சத்தியம் செய்துதான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று பயந்திருந்தேன்.

தேன்மொழியின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே தாழ்வாரத்தில் என்னைத் தேடி வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து ஒதுங்கினேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இத்தன நாளா நெஞ்சு ஆறலம்மா. அத்தன பேரு இருந்த எடத்துல எம்புள்ளைக்காக ஒருத்தரு வேணாம்னு சொல்லிருக்காரே. அது போதும் எனக்கு. அவரக் கும்புட்டேன்னு சொல்லுங்க." என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது வாந்தி எடுத்தேன். வெயில்தான் காரணம்.

பிப்ரவரி 7, சனி

எல்லாம் மாறிவிட்டது. தாணுலிங்கம் சாரைப் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டில்லி சேனலே இவர் பெயரை விட்டுவிட்டு அவர் பெயரைப் பிடித்துக்கொண்டது. என் கவுண்ட்டரில் வரிசை நின்றது. பரமசிவம் தாத்தா, "எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி" என்றார். பால்காரர் வந்தார். கரியால் எழுதியிருந்த சுவரில், அதே ஆட்களோ என்னவோ, "பாக்கலாம் என்றான் தமிழன், பறக்க விட்டான் துரோகி" என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

தேன்மொழியின் அம்மா கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னதை இவரிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடிந்தவுடன் தெருவில் கூட்டம். எங்கள் வீட்டுக்கு இல்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், எங்கள் வாசலைக் கடக்கும்போது இந்தப் பக்கம் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவன் கையில் பெட்ரோல் கேன். இவர் எழுந்து சட்டை போடுகிறார்.

பிப்ரவரி 9, திங்கள்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. பையில் துணியோடு இதையும் போட்டு எடுத்து வந்திருக்கிறேன்.

நேற்று கதவுக்குக் குறுக்கே நின்றேன். "எங்க போறீங்க?"

"நான் என்ன சொன்னேன்னு ஒனக்குத் தெரியும் வடிவு."

"தெரியாது. நான் கேட்டது பாக்கலாம்."

"நீ அந்த ரூம்ல இல்ல. நான் இருந்தேன். அழுத்தம் கொஞ்சந்தான் இறங்குச்சு. முன்னாடி ரெண்டு தடவ அப்படி இறங்கி சரியாப்போச்சு. நிறுத்துனா பொங்கலு போயிரும், எல்லாரும் என்னயப் பாப்பாங்கன்னு தோணிச்சு. வாயில வந்துட்டு."

காதைப் பொத்திக்கொண்டேன். குழந்தை மாதிரி பொத்திக்கொண்டேன். ஜெயிலுக்குப் போவீங்க, அடிச்சே கொன்னுருவாங்க, அந்தப் பொண்ணோட அம்மா செத்துருவாங்க என்று என்னென்னவோ சொன்னேன். "அந்த அம்மாகிட்டயும் நான்தான் சொல்லணும்" என்றார். என் கையை விலக்கி வைத்துவிட்டுப் போனார்.

பின்னாலேயே ஓடினேன். தாணுலிங்கம் சார் வீட்டு ஜன்னல்கள் உடைந்து கிடந்தன. அக்கா உள்ளே இருந்து, "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்வது மட்டும் கேட்டது. இவரைப் பார்த்ததும் கூட்டம் வாழ்க போட்டது. தங்களோடு சேர வந்திருக்கிறார் என்று நினைத்து, ஆட்டோவில் கட்டியிருந்த மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"தாணுலிங்கம் சார் பறக்க விடலாமான்னு கேட்டாரு. நான் பாத்துக்கலாம்னு சொன்னேன். பாக்கலாம் இல்ல. பாத்துக்கலாம். அந்த மூணு பேரு சாவுக்கும் காரணம் நான்தான். இவுகள விடுங்க" என்றார்.

இரைச்சல் இல்லாமல் தெரு முழுக்கக் கேட்டது. யாரும் நம்பவில்லை. "அண்ணாச்சிய மெரட்டி வச்சிருக்கானுவ" என்று ஒருவன் கத்தினான். கேன் வைத்திருந்தவன் வாசல்படியில் ஏறினான். அப்போது யாரோ என்னைப் பார்த்து, "மதினி, நீங்கதான சத்தியம் பண்ணிச் சொன்னீங்க, சொல்லுங்க மதினி" என்றார்கள். மைக் என்னிடம் வந்தது.

இவர் சொல்வது பொய்யென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் தப்பியிருப்பார். அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு சொல்லுதது நெசம்" என்றேன். "வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவாரு. நான்தான் கமிஷன்ல பொய் சொன்னேன்."

முதல் கல் யார் எறிந்தது என்று தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போன கைகள்தான். நான் அவர்மேல் விழுந்தேன். தாணுலிங்கம் சார் கதவைத் திறந்து ஓடி வந்து எங்களை உள்ளே இழுத்தார். போலீஸ் வரும்வரை நாங்கள் நான்கு பேரும் அக்காவின் பூஜை அறையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா என் தலையில் தன் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

இவருக்கு மண்டையில் தையல், விலா எலும்பில் முறிவு. வாசலில் போலீஸ். கட்டிலை விட்டு இறங்கியதும் கைது என்றார்கள். பொய்ச்சாட்சிக்கு என்மேலும் வழக்கு வரும் என்று பிச்சையா போனில் சொல்லிவிட்டு, இனி தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றார்.

காலையிலிருந்து ஒரு நம்பர் அழைத்துக்கொண்டே இருந்தது. யாருடையது என்று தெரிந்துதான் எடுக்கவில்லை. கல்லுக்கு நான் இவ்வளவு பயப்படவில்லை. பத்து மணிக்கு மேல் எடுத்தேன்.

"டிவில என்னென்னமோ சொல்றாங்கம்மா" என்றார் தேன்மொழியின் அம்மா. "நான் நம்பல. உங்களையும் அடிச்சு சொல்ல வச்சிருப்பாங்க. நீங்க உங்க வாயால சொல்லுங்க. சொன்னா நம்பிக்கிறேன்."

சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா, யாருமே சொல்லவில்லை என்றேன்.

அந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை, போனை வைக்கவும் இல்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. என்னாலும் வைக்க முடியவில்லை. நர்ஸ் வந்து இவருக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாள். அப்போதும் போன் என் காதில்தான் இருந்தது.